கீ வெஸ்ட்ல ஒரே ஒரு சாயங்காலம்: கேட்டமரனா, ஸ்கூனரா, இல்ல கரையே போதுமா?

கீ வெஸ்ட் போறோம், ஒரு நைட்தான் தங்கறோம், சன்செட் க்ரூஸ் போலாமா வேண்டாமா, போனா எந்த மாதிரி படகுல போறதுன்னு இந்த வருஷம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட்ல சொல்லி சொல்லி ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதனால உக்காந்து முழுசா எழுதிடறேன். நாங்க இருக்கறது மயாமிக்கு கொஞ்சம் வடக்க, அதனால அஞ்சாறு தடவை போயாச்சு. ஃப்ரெண்ட்ஸோட போயிருக்கோம், நானும் மனைவியும் மட்டும் போயிருக்கோம், போன வருஷம் ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போனோம். நான் சொல்லப்போறதுல பாதி அந்த கடைசி ட்ரிப்புலதான் எனக்கே புரிஞ்சது.

முதல்ல ஒண்ணு. கீ வெஸ்ட்ல சன்செட்டுக்கு ஏன் இவ்ளோ கூட்டம்னா, ஃப்ளோரிடாவோட தெற்கு நுனில இருந்து கடலுக்குள்ள சங்கிலி மாதிரி போற தீவுகள்ல ரோடு முடியற இடம் அதுதான். மயாமில இருந்து 160 மைல், நடுவுல 42 பாலம், அங்கேர்ந்து கியூபா வெறும் 90 மைல். தீவோட மேற்குப் பக்கம் திறந்த தண்ணி, சூரியன் நேரா கடல்ல இறங்கும். எங்க அப்பா நாகப்பட்டினம் பக்கம், அம்மா காரைக்கால். ரெண்டு பேரும் சின்ன வயசுல இருந்து கடலைப் பாத்து வளந்தவங்கதான், ஆனா நம்ம கிழக்குக் கரைல சூரியன் கடல்ல இருந்து மேல வருமே தவிர கடலுக்குள்ள போகாது, அது வயக்காட்டுப் பக்கம் போய் பனைமரத்துக்குப் பின்னாடி மறையும். கன்னியாகுமரிக்கு ஒரு தடவை அதுக்காகவே போனாங்களாம், அன்னைக்குன்னு பாத்து ஒரே மேகம். அறுபத்தெட்டு வயசுல அம்மா இதைப் பாக்கப்போறாங்கன்னு தெரிஞ்சப்ப எந்தப் படகுங்கறது எனக்கு சின்ன விஷயமாவே தோணல.

வழிகள்னு பாத்தா அஞ்சு இருக்கு. பெரிய கேட்டமரன், ட்ரிங்க்ஸ், லைவ் மியூசிக்கோட. பாய்மர ஸ்கூனர், ஒயின் கையோட. ஆறு பேருக்கு மேல ஏத்தாத தனி சார்ட்டர், அதாவது நமக்குன்னே மொத்தமா வாடகைக்கு எடுக்கற படகு. மேலரி ஸ்கொயர்ங்கற கடலோரத் திடல்ல கரைலயே நின்னு பாக்கறது. அப்பறம் கோட்டை பக்கத்துல இருக்கற பீச். எல்லாருக்கும் கடைசில மோதல் வர்றது முதல் ரெண்டுக்கும்தான், அதனால அங்கயே நிறைய நிக்கப்போறேன்.

கேட்டமரன்னா என்ன மாதிரி இருக்கும்னு நிறைய பேருக்கு சரியா தெரியல. ஒரே உடம்பா இல்லாம ரெண்டு நீளமான உடம்பு பக்கத்துல பக்கத்துல, நடுவுல அகலமா மேடை, முன்பக்கம் கயித்து வலை கட்டியிருக்கும், அதுல படுத்துக்கிட்டா கீழ தண்ணி ஓடறது தெரியும். பேர் நம்ம பேர்தான், கட்டுமரம். 1690கள்ல வில்லியம் டாம்பியர்னு ஒரு ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரைல மீனவங்க கட்டுமரத்தப் பாத்து அதே பேரை எழுதி வெச்சிருக்கார், இங்கிலீஷ் வார்த்தை நம்ம வார்த்தைல இருந்து போனதுதான். ஆனா நம்ம கட்டுமரம் மரத்துண்டுகளை சேர்த்துக் கட்டினது, ரெண்டு உடம்பு அதுக்குக் கிடையாது. ரெண்டு உடம்பு வெச்ச படகு பசிபிக் தீவுக்காரங்களோட வித்தை, 1876ல ஹெரஷாஃப்னு ஒருத்தர் அமெரிக்கால அந்த மாதிரி ஒண்ணு கட்டி நியூயார்க்ல பந்தயத்துல விட்டு மத்த படகையெல்லாம் தாண்டிப் போனப்ப, இது படகே இல்லன்னு சொல்லி தடை பண்ணிட்டாங்க. இன்னைக்கு டூரிஸ்ட் ஊர் எல்லாத்துலயும் நிக்கற பெரிய கேட்டமரனெல்லாம் 1947ல ஹவாய்ல கட்டின மானு காய்-ங்கற படகோட வழி. அப்பா படகைப் பாத்ததும் "இதுவாடா கட்டுமரம்?"னு கேட்டார், நான் இந்தக் கதையெல்லாம் சொன்னேன், அவர் ரொம்ப நேரம் அந்த ரெண்டு உடம்புக்கும் நடுவுல தண்ணி போறதையே குனிஞ்சு பாத்துட்டு இருந்தார்.

இந்த ரெண்டு உடம்புங்கறதுதான் விஷயமே. அகலம் அதிகம்ங்கறதால கேட்டமரன் சாயாது. காத்து அடிச்சாலும் மேடை மேடையாவே இருக்கும், நீங்க கைல கிளாஸ வெச்சுக்கிட்டு நடக்கலாம். ஸ்கூனர் அப்படி இல்ல, ஒத்தை உடம்பு, பாய்ல காத்து நிறைஞ்சதும் பத்து பதினஞ்சு டிகிரி ஒரு பக்கமா சாயும், அதுதான் அதோட அழகு, ஆனா முட்டி வலி இருக்கறவங்களுக்கு அதுதான் கஷ்டம். டெக்குல கயிறு, கப்பி, அங்கங்க குனிஞ்சு போகணும், உக்கார்ற இடத்துல பாதி நேரம் முதுகுக்கு சாஞ்சுக்க ஒண்ணும் இருக்காது, ரெஸ்ட்ரூம் கீழ செங்குத்து ஏணி மாதிரி படி இறங்கிப் போகணும். இங்கதான் எல்லாரும் உல்டாவா முடிவு பண்றாங்க. வயசானவங்க கூட வர்றாங்க, பாட்டு குடி எல்லாம் இருக்கற படகு எதுக்கு, அமைதியா ஸ்கூனர்ல போயிடலாம்னு நினைக்கறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சு ஸ்கூனருக்கு கிட்டத்தட்ட பணம் கட்டப் போயிட்டேன், என் மனைவிதான் "அத்தை அந்த படில எப்படி இறங்குவாங்க?"ன்னு ஒரே கேள்வி கேட்டா. யார் கூட வர்றாங்களோ அவங்க முட்டியையும் வயித்தையும் முதல்ல பாருங்க, ரசனையெல்லாம் அப்பறம்.

கேட்டமரன்ல சாயங்காலம் எப்படிப் போகும்னு சொல்றேன். கீ வெஸ்ட் பைட்-னு பழைய துறைமுகம் ஒண்ணு இருக்கு, ஒரு காலத்துல இறால் படகும் ஆமை பிடிக்கற படகும் நின்ன இடம், இப்ப பெரும்பாலும் அங்கேர்ந்தும் டுவால் ஸ்ட்ரீட் முனையிலேர்ந்தும் கிளம்பும். ஃப்யூரி, செபாகோ மாதிரி கம்பெனிங்க பெரிய கேட்டமரன் ஓட்டறாங்க, நூறு பேருக்கு மேல ஏத்தற படகும் உண்டு. மொத்தம் ரெண்டு மணி நேரம் போல. அரை மணி நேரம் முன்னாடியே வரச்சொல்வாங்க, அதை நிஜமாவே கேளுங்க, ஏன்னா ஏறற வரிசைலதான் எங்க உக்கார்றதுன்னு முடிவாகுது. பல படகுல செருப்பைக் கழட்டி கூடைல போடச் சொல்வாங்க. கரையை விட்டு நகர்ந்ததும் பார் திறக்கும், பீர், ஒயின், மார்கரிட்டா, ரம் பஞ்ச் இந்த மாதிரி, கூட சிப்ஸ், சீஸ், காய்கறித் துண்டு மாதிரி கொறிக்க ஏதாவது. எல்லாம் டிக்கெட்லயே அடக்கம். 21 வயசுக்கு கீழ குடுக்க மாட்டாங்க, ஐடி கேப்பாங்க, ஊர்ல இருந்து வந்தவங்கன்னா பாஸ்போர்ட் கைல இருக்கட்டும்.

மியூசிக்னா பெரிய பேண்டெல்லாம் கற்பனை பண்ணிக்காதீங்க. ஒருத்தரோ ரெண்டு பேரோ, ஒரு கிடார், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். அந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு பாணி, கன்ட்ரியும் கரீபியன் தாளமும் கலந்தது, ட்ராப் ராக்னு சொல்வாங்க. கேட்டே இருக்காத பாட்டா இருந்தாலும் தலை ஆடும். எனக்கு முதல்ல சந்தேகம் இருந்தது, அம்மாவுக்கு சத்தம் ஒத்துக்காதேன்னு. காத்து எந்தப் பக்கம் போகுதோ சத்தமும் அந்தப் பக்கம்தான் போகும், இது ஒண்ணு தெரிஞ்சா போதும். படகு காத்தை எதிர்த்துப் போகும்போது பின்பக்கம் உக்காந்தவங்களுக்கு பாட்டு காதுக்குள்ள வரும், முன்பக்க வலைல இருக்கறவங்களுக்கு பாதிதான் கேக்கும். அம்மாவை அணியத்துல ஒரு ஓரமா உக்கார வெச்சோம், பாட்டு பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி தூரத்துல இருந்து வந்துச்சு, பேசறதும் கேட்டுச்சு. அணியம், அமரம்ங்கறது படகோட முன்னும் பின்னும், அப்பா வாயிலேர்ந்துதான் அந்த வார்த்தை ரெண்டும் ரொம்ப வருஷம் கழிச்சு கேட்டேன்.

குறையும் சொல்லிடறேன். கூட்டம். நூறு பேர்ல முப்பது பேர் பேச்சலரேட் பார்ட்டியா (கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் தோழிங்களும் போடற கும்மாளம்) இருக்க வாய்ப்பு உண்டு, வெள்ளி சனின்னா இன்னும் ஜாஸ்தி. செவ்வாய் புதன் கிழமை கிடைச்சா அதே படகுல வேற ஒரு சாயங்காலம் கிடைக்கும். பாய் ஏத்துவாங்கதான், ஆனா பல நாள் என்ஜினும் கூடவே ஓடும், காத்துல மட்டும் போற அனுபவம் வேணும்னா இது அது இல்ல. இன்னொண்ணு, குடிக்காதவங்க குடிக்கறவங்களோட பங்கையும் சேர்த்துதான் கட்டறாங்க. எங்க நாலு பேர்ல குடிக்கறது நான் ஒருத்தன்தான், நானும் திரும்ப கார் ஓட்டணும்னா தொடமாட்டேன். நான் பாத்தப்ப தலைக்கு 80 டாலரைச் சுத்தி இருந்தது, சீசனுக்கு சீசன் மாறும், டிப்ஸ் தனி, 15ல இருந்து 20 சதவீதம் குடுக்கறது அங்க வழக்கம். அந்தக் கணக்கை நாலால பெருக்கிப் பாத்துட்டு, நாம குடிக்கவே போறதில்லையே இது எதுக்குன்னு தோணறது நியாயம். எனக்கும் தோணுச்சு. ஆனா சாயாத மேடை, நிழல், பக்கத்துலயே ரெஸ்ட்ரூம், தடுமாறினா பிடிச்சுக்க சுத்தி கம்பி, இதுக்குத்தான் காசு குடுக்கறோம்னு நினைச்சுக்கிட்டா அது அவ்ளோ அதிகமா தெரியல.

இனி ஸ்கூனர். ரெண்டு பாய்மரம் வெச்ச பழைய காலத்து அமைப்பு. கீ வெஸ்டுக்கும் ஸ்கூனருக்கும் இருக்கற உறவு டூரிசத்துக்காக உண்டாக்கினது இல்ல. தெற்குப் பக்கம் ஆறேழு மைல்ல பவளப்பாறை நீளமா ஓடுது, 1800கள்ல அதுல கப்பல் மோதி சிக்கும், சேதி வந்ததும் உள்ளூர்க்காரங்க வேகமான பாய்ப்படகுல பறந்து போய் ஆளையும் சரக்கையும் காப்பாத்துவாங்க, முதல்ல போய் சேர்ந்தவருக்குத்தான் பெரிய பங்கு. அந்தத் தொழில்லதான் இந்த சின்ன தீவு அப்ப பணக்கார ஊரா இருந்துச்சு. 1939ல கீ வெஸ்ட்லயே கட்டி இறக்கின வெஸ்டர்ன் யூனியன்-ங்கற ஸ்கூனர் கடலுக்கடில போற தந்தி கேபிளைப் பழுது பாத்து பல வருஷம் உழைச்சிருக்கு. இப்ப குளிர் சீசன்ல வர்ற அமெரிக்கா 2.0-ன்னு ஒண்ணு, 1851ல இங்கிலாந்து போய் கப் ஜெயிச்சுட்டு வந்த அமெரிக்கா-ங்கற படகோட சாயல்ல கட்டினது, இன்னைக்கும் அமெரிக்காஸ் கப்னு பந்தயம் நடக்குதே அது அந்தப் படகு பேர்லதான்.

நானும் மனைவியும் மட்டும் போனப்ப ஸ்கூனர்லதான் போனோம். துறைமுகத்தை விட்டு வெளிய வந்ததும் பாய் ஏத்த ஆள் கூப்பிடுவாங்க, விருப்பம் இருக்கறவங்க கயிறு பிடிச்சு இழுக்கலாம், உள்ளங்கை சிவந்துடும். பாய் மேல போய் நின்னதும் கேப்டன் என்ஜினை நிறுத்துவார். அந்த ஒரு நொடிக்காகவே நான் ஸ்கூனருக்குக் காசு குடுப்பேன். அதுவரைக்கும் சத்தம் இருந்ததே நமக்குத் தெரிஞ்சிருக்காது, அது நின்னதுக்கப்பறம்தான் தண்ணி பலகைல உரசற சத்தம், கயிறு முனகற சத்தம், பக்கத்துல உக்காந்திருக்கறவங்க மூச்சு விடறது வரைக்கும் கேக்கும். படகு மெல்ல ஒரு பக்கம் சாஞ்சு தோள் குடுத்துப் போகும். ஒயின் ஊத்துவாங்க, சில படகுல ஒயினையே நாலஞ்சு வகை வரிசையா ருசி பாக்கக் குடுத்து கூட சின்னச் சின்ன சாப்பாடும் வைப்பாங்க. சூரியன் மறையறப்ப சில ஸ்கூனர்ல சின்ன பீரங்கி ஒண்ணு வெடிப்பாங்க, முன்னாடியே சொல்லிடுவாங்க, காதைப் பொத்திக்கலாம். லைவ் மியூசிக் பொதுவா இருக்காது, இருந்தா எனக்குப் பிடிச்சிருக்காது. விலை கேட்டமரனை விட கொஞ்சம் கூட, ஆள் பாதிக்கும் கம்மி.

காத்து எப்படி இருக்கும்ங்கறது ரெண்டுக்கும் நடுவுல முடிவு எடுக்க ரொம்ப உதவும், ஆனா புக் பண்றவங்க யாரும் அதைப் பாக்கறதே இல்ல. கீ வெஸ்ட்ல வருஷத்துல பெரும்பாதி நாள் கிழக்கு, தென்கிழக்குக் காத்து, நம்ம பாஷைல கொண்டல். படகெல்லாம் கிளம்பற துறைமுகம் தீவோட வடமேற்குப் பக்கம் இருக்கறதால கொண்டல் அடிக்கும்போது தீவே காத்தை மறைச்சு நிக்கும், தண்ணி தட்டையா இருக்கும், எந்தப் படகுல போனாலும் சுகம். டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அப்பப்போ வடக்கேர்ந்து குளிர் காத்து இறங்கும், சரியான வாடை. அன்னைக்கு மறைக்க ஒண்ணும் இல்ல, துறைமுகத்து வாயே நேரா காத்தைப் பாத்துதான் இருக்கு, தண்ணி குட்டையா வெட்டி வெட்டி அடிக்கும். ஸ்கூனர் அதுல தாளம் போட்ட மாதிரி நிதானமா ஏறி இறங்கும். கேட்டமரன் சாயாது, ஆனா படபடன்னு குதிக்கும், முன் வலைல இருக்கறவங்க முழுசா நனைவாங்க. வாந்தி வர்ற உடம்புன்னா அந்த மாதிரி நாள்ல ரெண்டுமே வேண்டாம், தள்ளிப் போடுங்க. போயே ஆகணும்னா மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுட்டு, நடுவுலயோ அமரத்துப் பக்கமோ உக்காந்து, அடிவானத்தையே பாருங்க, ஃபோனைப் பாக்காதீங்க. கோடைல வேற மாதிரி, மத்தியானம் இடி மழை கட்டும், பல நாள் சாயங்காலத்துக்குள்ள கலைஞ்சு அதோட மிச்ச மேகத்துல நிறம் பிடிச்சு நிக்கும், சுத்தமா மேகமே இல்லாத நாளை விட அது எவ்ளோவோ நல்லாருக்கும். ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன்ங்கறதும் மனசுல இருக்கட்டும், 2017ல இர்மா புயல் பக்கத்துல இருபது மைல்ல கட்ஜோ கீ-ங்கற தீவுலதான் கரையேறுச்சு. கேப்டனே ரத்து பண்ணினா பணம் திரும்புமா, மேகமா இருக்குன்னு நாம வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும், இதை புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

தனி சார்ட்டர் பத்தி சுருக்கமா. அமெரிக்கால கோஸ்ட் கார்டோட (கடலோரக் காவல்படை) முழு பரிசோதனை இல்லாத சின்னப் படகுல காசு வாங்கிட்டு ஆறு பேருக்கு மேல ஏத்தக் கூடாது, அதனாலதான் தனிப் படகு பெரும்பாலும் ஆறு பேர் கணக்குல இருக்கும். ஆறு பேர் முழுசா இருந்தா தலைக்கு வர்றது பெரிய கேட்டமரன் டிக்கெட்டை விட ரொம்ப அதிகமா போகாது, ரெண்டு பேருக்குன்னா வீண். கைக்குழந்தை இருக்கற குடும்பத்துக்கு இதுதான் என் ஓட்டு. குழந்தை அழுதா யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம், வேணும்னா பாதில திரும்பலாம், நம்ம சாப்பாட்டை நாமளே கட்டிட்டுப் போகலாம், நம்ம பாட்டை நாமளே போடலாம். என் ஃப்ரெண்டு குடும்பம் தயிர்சாதம், உருளை ரோஸ்டோட போயிட்டு வந்து இன்னும் அதையே சொல்லிட்டு இருக்காங்க.

கரைன்னா மேலரி ஸ்கொயர். காசே வேண்டாம். சூரியன் மறையறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இருந்தே கூடும், தினமும், வருஷம் பூரா. நெருப்புப் பந்தம் சுத்தறவங்க, கயித்து மேல நடக்கறவங்க, கைவினைப் பொருள் விக்கறவங்க, சாப்பாட்டு வண்டி, நம்ம ஊர்த் திருவிழாக் கடைத்தெரு மாதிரியே இருக்கும், முடிஞ்சதும் தொப்பியைக் காட்டுவாங்க, மனசாரப் போடுங்க, அவங்க பொழப்பு அதுதான். 1984லேர்ந்து ஒரு சங்கம் வெச்சு அதை ஒழுங்கா நடத்தறாங்க. சூரியன் தண்ணியைத் தொடறப்ப மொத்தக் கூட்டமும் கை தட்டும். எதிர்ல சன்செட் கீ-ன்னு சின்ன தீவு இருக்கு, குறுக்க படகா போயிட்டே இருக்கும், அதனால படகுல இருந்து பாக்கற மாதிரி திறந்த அடிவானம் முழுசா கிடைக்காது, ஆனா அந்தப் படகெல்லாம் பாய் விரிச்சு சூரியனுக்கு முன்னாடி குறுக்க போறதே ஒரு காட்சி. ரொம்ப நேரம் நிக்கணும்ங்கறது ஒண்ணுதான் வயசானவங்களுக்கு இடைஞ்சல். குடிச்சுக்கிட்டு பாட்டு கேட்டுக்கிட்டு உக்காந்து பாக்கணும், படகு மட்டும் ஒத்துக்காதுன்னா பக்கத்துலயே டுவால் ஸ்ட்ரீட் முனைல சன்செட் பியர் இருக்கு, தண்ணி மேலயே மேசை போட்டு லைவ் மியூசிக்கோட, கேட்டமரன்ல கிடைக்கற முக்கால்வாசி கடல் ஆடாமயே கிடைக்கும், மேசை கிடைக்க சீக்கிரமா போகணும் அவ்ளோதான்.

அமைதியா கரைல பாக்கணும்னா ஃபோர்ட் சாக்கரி டெய்லர் ஸ்டேட் பார்க். 1845ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை, பக்கத்துல மேற்கு பாத்த கரை, மரத்து நிழல், சின்ன நுழைவுக் கட்டணம். ஸ்மாதர்ஸ் பீச் பேரு பெருசா இருக்கேன்னு சன்செட்டுக்கு அங்க போயிடாதீங்க, அது தெற்குப் பக்கம், விடியக்காலைல போனாத்தான் அதுக்கு மரியாதை.

எதுல போனாலும் பொருந்தற சில விஷயம். சூரியன் அடிவானத்தைத் தொட்டதுல இருந்து முழுசா மறைய அங்க ரெண்டரை நிமிஷம்தான் ஆகும். முதல் தடவை ஃப்ரெண்ட்ஸோட கேட்டமரன்ல போனப்ப அந்த ரெண்டரை நிமிஷமும் நான் பார் வரிசைல நின்னேன், திரும்பி வந்து பாத்தா மேல ஒரு கீத்துதான் மிச்சம், இன்னும் அது வருத்தமாத்தான் இருக்கு. அதனால பத்து நிமிஷம் முன்னாடியே கிளாஸை நிரப்பிக்கிட்டு இடத்துக்கு வந்துடுங்க. அடிவானம் சுத்தமா இருந்தா சில நாள் கடைசி நொடில மேல் விளிம்பு பச்சையா ஒரு மினுக்கு மினுக்கும், கண் சிமிட்டினா போச்சு. மறைஞ்சதும் எல்லாரும் ஃபோனை உள்ள வெச்சுட்டு பேச ஆரம்பிச்சுடுவாங்க, ஆனா அதுக்கப்பறம் இருபது நிமிஷம்தான் வானம் தன் வேலையைக் காட்டும், ஆரஞ்சு போய் ரோஸ் வந்து அப்பறம் கத்திரிப்பூ நிறம். படகு கரைக்குத் திரும்பற நேரம் அது, எல்லாரும் முன்னாடி ஊரைப் பாத்துட்டு இருப்பாங்க, நீங்க பின்னாடி பாருங்க.

நேரக் கணக்கு ரொம்ப முக்கியம். ஜூன்ல 8:20 போல மறையும், டிசம்பர் ஆரம்பத்துல 5:40க்கே. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கறாங்க, அந்த வாரம் போறவங்க ரெண்டு தடவை சரி பாத்துக்கோங்க. மயாமிலேர்ந்து அன்னைக்கே கார்ல கிளம்பி அன்னைக்கே படகு ஏறற பிளான் எனக்கு சுத்தமா பிடிக்காது. பாதி ரோடு ஒரு பக்கத்துக்கு ஒரே லேன்தான், ஏதாவது பாலத்துல ஒரு ஆக்சிடென்ட் ஆனா சுத்திப்போக வேற வழியே கிடையாது, நாலு மணி நேரம் ஆறாகும், படகு காத்திருக்காது.

சாப்பாடு. சைவக்காரங்க படகுல வயிறு நிறையும்னு நம்ப வேண்டாம், ஏறறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுடுங்க. கரைல கான்க் ஃப்ரிட்டர்னு உருண்டையா பொரிச்சு விப்பாங்க, பாக்க அச்சு அசல் போண்டா. அது சங்குக்குள்ள இருக்கற சதைல பண்ணினது. எங்க அம்மா அதைப் பாத்து "சூடா போண்டா போடறான்டா"ன்னு கிட்ட போயிட்டாங்க, ஓடிப்போய் சொன்னேன். சங்கையா சாப்பிடறாங்கன்னு அவங்களுக்கு நம்பவே முடியல, வீட்ல சாமி ரூம்ல இருக்கறது இல்லையா. கீ லைம் பை-ங்கற எலுமிச்சை இனிப்பு முட்டை சேர்ந்தது, முட்டை ஒத்துக்கறவங்க விடாதீங்க.

சரி, யாருக்கு எதுன்னு என்னைக் கேட்டா. அம்மா அப்பா, மாமனார் மாமியாரோட போறவங்க கண்ண மூடிட்டு பெரிய கேட்டமரன் எடுங்க, நடு வாரத்துல, குடிக்கலைன்னாலும். பாட்டு பிடிக்காதேன்னு கவலைப்படாதீங்க, எங்க அப்பா அரை மணி நேரத்துல தொடைல தாளம் போட ஆரம்பிச்சுட்டார். ரெண்டு பேர் மட்டும் போறீங்க, உடம்பு நல்லா ஒத்துழைக்குதுன்னா ஸ்கூனர், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. ஃப்ரெண்ட்ஸ் எட்டு பத்து பேர், குடிக்கணும் ஆடணும்னா அதுவும் கேட்டமரன்தான், வெள்ளிக்கிழமையாவே எடுங்க, அந்தக் கூட்டமே உங்களுக்கு வேணும். கைக்குழந்தைன்னா தனிப் படகு. கைல காசு கணக்கா இருக்குன்னா மேலரி ஸ்கொயர், அதுல ஒரு குறையும் இல்ல, கீ வெஸ்ட்ல பொறந்து வளந்தவங்களே அங்க வந்து நிப்பாங்க.

அன்னைக்கு சூரியன் தண்ணியைத் தொட்டப்ப பாடிட்டு இருந்தவரே கிடாரை நிறுத்திட்டார். அம்மா ரெண்டு கையையும் கூப்பினாங்க, ஊர்ல கடற்கரைல காலைல பண்ற மாதிரியே. "நம்மூர்ல இந்நேரம் விடிஞ்சிருக்குமாடா?"ன்னு கேட்டாங்க. அங்க இன்னும் ரெண்டு மணி நேரத்துல விடியும்மா, நம்ம வாசல்ல உதிக்கும்னு சொன்னேன்.

பிப்ரவரில மனைவியோட அப்பா அம்மா வர்றாங்க. வாடை அடிக்கற மாசம்ங்கறதால இந்தத் தடவை ரெண்டு நைட் போட்டிருக்கோம், படகை முதல் நாளுக்கே புக் பண்ணி வெச்சாச்சு, அன்னைக்குக் காத்து சரியில்லைன்னா அடுத்த நாளுக்கு மாத்திக்கலாம், சரியா இருந்தா ரெண்டாவது சாயங்காலம் மடக்கு நாற்காலி ரெண்டு எடுத்துட்டு கோட்டைக் கரைக்கு.